பல் பதிந்த மிட்டாய்

தெருவில் அவருக்கு இரண்டு பெயர். நேரில் பார்த்தால் செட்டுக்காரர். தலை மறைந்துவிட்டால் ‘கடிங்க’. பல்செட்டுக் கட்டுவது தொழில். எதிரே உட்காருகிறவர் வாயைப் பார்த்து, “கடிங்க... விடுங்க... இன்னொரு தடவை கடிங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி இவர் தோளில் சாய்ந்திருக்கிறார். வாய் திறந்திருந்ததைப் பார்த்ததும் இவர் “கடிங்க” என்றாராம். இதைச் சொன்னது அவர் பெற்ற மகன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இளவயதில் அவர் வீட்டு உட்கூரைகளுக்குப் பிளாஸ்டரில் பூவேலை வார்க்கிற ஆள். ஒரு பல் டாக்டர் வீட்டில் வேலை செய்யப் போனபோது, டாக்டர் அந்தக் கைச்சுத்தத்தைப் பார்த்துவிட்டு, “பூ வார்க்கிற கை பல்லு வார்க்காதா?” என்று கேட்டிருக்கிறார். உட்கூரையிலிருந்து இறங்கினவர் அப்புறம் ஏறவே இல்லை. டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டு போன பிறகு, தன் வீட்டு முன்னறையிலேயே கடையைப் போட்டுவிட்டார்.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தெருவைப் பார்த்த கதவு. சாய்கிற நாற்காலி ஒன்று. மேசைமேல் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்தி, பல்லை ராவுகிற சின்ன மோட்டார். சுவர் அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் வாய்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எழுதிய பெயர். புதிதாக வருகிறவர்களுக்கு, இத்தனை வாயும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுமோ என்று முதலில் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். அவருக்கோ முகங்கள் நினைவில் நிற்பதில்லை, வாய்தான் நிற்கும். சந்தையில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். எதிராளி சிரித்த பிறகுதான், “அடடே, நீங்களா!” என்பார்.

மனுஷர் மொத்தத்தில் திருப்தியானவர். வாயை மூடிக்கொண்டு வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புகிற தொழில். தூக்கம் ஏன் வராது? படுத்தால் குறட்டைதான். ஆனால் ‘ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி’ என்று சும்மாவா சொன்னார்கள்? ஊருக்கே பல் கட்டுகிறவர் வீட்டில், அவர் மனைவி பொக்கை வாயோடு இருந்தாள்.

ஈறு நோய். போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த பற்களையும் எடுத்துவிட்டார்கள். அவளுக்கென்று அவர் கட்டிய செட்டைப் போல இன்னொன்று கட்டினதில்லை. இருப்பதிலேயே நல்ல பல்லாகப் பொறுக்கினார். கல்யாணப் போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, முன்பல் இரண்டுக்கும் நடுவே அவளுக்கு அந்தக் காலத்தில் இருந்த சின்னச் சந்தைக்கூட வைத்துக் கட்டினார். கண்ணாடியில் பார்த்ததும் அவள் அழுதுவிட்டாள். சந்தோஷ அழுகைதான். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் கொஞ்ச நாளில் செட்டு தண்ணீர் டம்ளருக்குப் போய்விட்டது. யாராவது வந்தால் எடுத்து மாட்டுவாள். போட்டோ என்றால் மாட்டுவாள். வெளிநாட்டிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டால் மாட்டுவாள். போனை வைத்ததும் டொக்கென்று டம்ளரில். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுக்களையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதையாவது கரைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். பேசும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். சிரிப்பு என்பதே வீட்டில் அருகிப்போயிற்று.

“ஏன் போட மாட்டேங்கற?” என்று அவர் கேட்டதற்கு, “பழகல” என்றாள். “பழகிடும்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. மனசுக்குள் அவருக்கு ஒரு குமைச்சல். நம் கை வேலை இவளுக்கு மட்டும் இளப்பமாகிவிட்டதா? குமைச்சலைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவள்தான் ராணி. எலும்பைக் கடிப்பாள், கெட்டிப்பட்ட ரொட்டியைக் கடிப்பாள், கடித்துக்கொண்டே தெருக்கதை முழுக்கச் சொல்வாள். இப்போது எதிர் நாற்காலி காலி. அவள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெட்டி வந்தது.

லீவு நாள் காலை. மருமகள் கதவைத் திறந்து பெட்டியை வாங்கினாள். மேலே புரியாத எழுத்தில் ஏதோ கடைப் பெயர், வெளிநாட்டு ஸ்டாம்ப். வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் மாமாவுக்குத்தான், பல்லோ பொடியோ மெழுகோ. அவள் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல வழியில்லை.

செட்டுக்காரர் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில், இளஞ்சிவப்பு நிறத்தில், மழமழவென்று தட்டைத் தகடுகள். தகட்டுக்குத் தகடு வெள்ளையாக மெல்லிய காகிதம். இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனுஷரை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். பல்செட்டுக் கட்ட முதலில் ஒரு மெழுகு வேண்டும். அதை உருக்கி லாடம் போல வளைத்து, வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லித்தான் அளவு எடுப்பது. அந்த மெழுகு இதே நிறம், இதே அகலம், நடுவில் இதே காகிதம். கொஞ்ச நாளாக வருகிற மெழுகு பொடிந்துபோகிறது என்று வியாபாரியிடம் சண்டை போட்டு, வேறு கம்பெனிச் சரக்கில் மாதிரி அனுப்பச் சொல்லியிருந்தார். வந்துவிட்டது என்று நினைத்தார். நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

தேன் வாசனை வந்தது. “பரவாயில்லையே, வாசனையெல்லாம் போட்டிருக்கான்” என்று மெச்சிக்கொண்டார். அளவெடுக்கிற பொடியில்கூடப் புதினா வாசனை வருகிற காலம். காகிதம்தான் உரிய மாட்டேன் என்றது. “என்ன பேக்கிங் பண்றானுங்க” என்று திட்டிக்கொண்டே நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்.

நாற்காலியில் அப்போது சாய்ந்திருந்தவர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். மேலும் கீழும் ஒரு பல்கூடக் கிடையாது. செட்டுக்காரர் தகட்டை விளக்கில் காட்டினார். இளகியது. விரலில் ஒட்டியது. மெழுகு விரலில் ஒட்டக் கூடாது, அது தெரிந்தவர்தான். வெயில் அதிகம் என்று வெயில்மேல் பழியைப் போட்டுவிட்டு, லாடமாக வளைத்து அளவுத் தட்டில் அழுத்தி, கண்டக்டர் வாயில் வைத்தார்.

“கடிங்க.”

கண்டக்டர் கடித்தார்.

“விடுங்க.”

விடவில்லை. கண்டக்டர் கண்களை மூடிக்கொண்டார். தாடை மெதுவாக அசைய ஆரம்பித்தது.

“கண்டக்டரே, விடுங்க.”

தாடை இன்னும் வேகமாக அசைந்தது.

“யோவ், மெல்லாதீங்க! அது மெழுகு!”

கண்டக்டர் கண்ணைத் திறக்காமலே ஒரு கையைத் தூக்கி, ஓடி வருகிற பயணியைப் பார்த்து ‘பொறு’ என்பது போலக் காட்டினார். ஆற அமர ஈறாலேயே மென்று முடித்து, விழுங்கி, உதட்டை நக்கினார்.

“செட்டுக்காரரே, கீழ் வரிசைக்கும் இதையே வைங்க.”

“ஐயையோ, முழுங்கிட்டீங்களா! வயித்துல ஒட்டிக்கிட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“ஒட்டட்டும். இப்படி ஒரு மெழுகைத் தின்னுட்டுச் செத்தாலும் பரவாயில்ல.”

உள்வாசலில் ஒரு சத்தம் கேட்டது. செட்டுக்காரர் திரும்பினார். அவர் மனைவி, கையில் கரண்டியோடு, கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பொக்கை வாய் முழுசாகத் திறந்திருந்தது. அதை மூடக் கை வரவில்லை. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் கரண்டி வாய்க்கு நேராகப் போனது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள். சின்னவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவள். படிப்பை முடித்துவிட்டு, அங்கே ஒரு மிட்டாய்க் கடையின் பின்கட்டில் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று நின்றுவிட்டாள்.

“அப்பா, பெட்டி வந்துச்சாமே? பிரிச்சீங்களா? எப்படி இருக்கு?”

செட்டுக்காரர் மென்று முழுங்கினார். “கண்டக்டருக்குப் பிடிச்சிருக்கு” என்றார்.

“எந்தக் கண்டக்டருக்கு?”

சொன்னார். சொல்லாமல் எங்கே போவது? அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பில் கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். சிரித்து ஓய்ந்து மகள் விவரம் சொன்னாள். தேன், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, ஏதோ ஒரு பழச்சாறு. மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். பெயரையும் சொன்னாள், அது இவர் வாயில் நுழையவில்லை.

“முதலாளி கையே வைக்காம நான் தனியா கிண்டின முதல் கிண்டல்ப்பா. அம்மாவுக்குன்னே கொஞ்சம் கெட்டியா கிண்டியிருக்கேன். அம்மாவுக்கு மெத்துன்னு இருந்தாப் பிடிக்காதே.”

“கெட்டியாவா?” என்றார் இவர். குரல் இறங்கிவிட்டது.

“ஏம்ப்பா, நீங்க கட்டின செட்டுக்கு இதெல்லாம் ஜுஜுபி இல்லையா? சாயங்காலம் இடைவேளையில கூப்பிடறேன். எல்லாரும் மேசையில உட்கார்ந்து சாப்பிடறதை நான் பார்க்கணும். அம்மா முகத்தைப் பார்க்கணும்.”

அம்மா மேசைக்கு வருவதே இல்லை என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எட்டாத தூரத்தில் இருக்கிறவளிடம் எதற்கு? செட்டுக்காரர் போனை வைத்துவிட்டு, மிச்சத் தகடுகளைத் திரும்பக் காகிதம் போட்டு அடுக்கினார். கண்டக்டருக்கு அசல் மெழுகை வைத்து அளவெடுத்தபோது, அவர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு கடித்தார்.

சாயங்காலம் மேசையில் பெட்டி. தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த போனில் மகள், தலையில் வெள்ளைத் தொப்பியோடு. எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற பெரியவன் ஒரு பக்கம், அவன் மனைவி ஒரு பக்கம். செட்டுக்காரருக்கு எதிர் நாற்காலியில், தலை வாரி, செட்டை மாட்டிக்கொண்டு, நுனியில் ஒட்டிக்கொண்டாற்போல் அவர் மனைவி. போனுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தும் அவர் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

முதல் சண்டை காகிதத்தில் ஆரம்பித்தது. பெரியவன் உரிக்கிறான், உரிக்கிறான், வரவே இல்லை. “வயர் இன்சுலேஷனே இதைவிட ஈஸியா உரியும்” என்றான். மருமகள் பொறுமை இல்லாமல் அப்படியே வாயில் போட்டுவிட்டாள்.

“ஏய், காகிதத்தைத் தின்னாதே!”

“காகிதம் கரையுதுங்க!”

“கரையாம என்ன, அது சாப்பிடற காகிதம்தான்” என்று போனிலிருந்து மகள் கத்தினாள். காலையில் நகம் தேயச் சுரண்டினது நினைவுக்கு வந்து, செட்டுக்காரர் நகத்தை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

அப்புறம் யாரும் பேசவில்லை. பேச முடியவில்லை. மேல் தாடையும் கீழ்த் தாடையும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டன. மருமகள் கண்ணால் மட்டும் ஆகாயத்தைப் பார்த்தாள், அவ்வளவு ருசி. பெரியவன் மும்முரமாகக் கடித்தான், திடீரென்று நிறுத்தினான், விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட்.

“எவன் அடைச்சான் இதை?” என்றார் செட்டுக்காரர், தன் பங்கைச் சிரமப்பட்டு விழுங்கிவிட்டு.

“நீங்க அனுப்பின டாக்டர்தான்ப்பா.”

“அது சரி. ருசி எப்படி?”

“பல்லே போனாலும் போகட்டும், இன்னொண்ணு எடுங்க” என்றான் பெரியவன்.

போனில் மகள் கைதட்டினாள். “இப்ப அம்மா! அம்மா, கடிச்சுக் காட்டு.”

அவள் தகட்டை எடுத்தாள். கடித்தாள். தகடு வளைந்ததே ஒழிய ஒடியவில்லை. இழுத்தாள். செட்டு ஒரு பக்கமாக ஆடுவது செட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் கை வாய்க்குப் போனது. தகட்டை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, சிரித்தாள்.

“ரொம்ப நல்லா இருக்குடா கண்ணு.”

“நீ சாப்பிடவே இல்லையேம்மா.”

“சாப்பிட்டேனே.”

“எனக்குத் தெரியாதா? கெட்டியாப் போச்சா? பிடிக்கலையா?” வெள்ளைத் தொப்பிக்குக் கீழே இருந்த முகம் வாடிவிட்டது. “சரி விடும்மா. இன்னும் கொஞ்சம் இடைவேளை இருக்கு, முதலாளி கூப்பிடறார், என்னன்னு கேட்டுட்டு வரேன்.” போன் இருண்டுவிட்டது.

மனைவி எழுந்து அடுக்களைக்குப் போனாள். டொக். டம்ளரில் விழுந்த சத்தம் மேசைவரை கேட்டது.

செட்டுக்காரருக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. பெற்ற பெண் ஆசையாகக் கிண்டி அனுப்பியிருக்கிறாள், ஒரு துண்டு கடித்து முழுங்க முடியவில்லையா? எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மேசையில் கையை ஊன்றினார். ஊன்றின கைக்குப் பக்கத்தில் அவள் தட்டு. தட்டில் அவள் கடித்துப்போட்ட தகடு.

கை தானாக அதை எடுத்தது. முப்பது வருஷப் பழக்கம். கடித்த மெழுகு எதிரே கிடந்தால் அந்தக் கை சும்மா இருக்காது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். முன்னால் இரண்டு பல் தடம், நடுவில் அந்தச் சின்னச் சந்து. இடது பக்கம் கடைவாய்ப் பல் கிணறு தோண்டினாற்போல் ஆழமாக இறங்கியிருந்தது. வலது பக்கம்? ஒன்றும் இல்லை. காகிதம்கூடக் கிழியவில்லை.

வேறு யார் கடித்த மெழுகாக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார். பல் எடுத்த பிறகு ஈறு வற்றும். வற்றினால் செட்டு ஒரு பக்கம் இறங்கும். மொத்தக் கடியும் அந்த ஒரே இடத்தில் விழுந்து ஈறு புண்ணாகும். அதனால்தான் செட்டு வாங்கிக்கொண்டு போகிற ஒவ்வொருவரிடமும் வாசல்வரை வந்து சொல்வார்: “மூணு மாசம் கழிச்சு ஒரு நடை வாங்க. எங்க உறுத்துதுன்னு பார்த்து ராவிக் கொடுத்துடறேன்.” சொல்லாமல் ஒருத்தரையும் அனுப்பினதில்லை.

இவளிடம் சொல்லவில்லை. இவள் எங்கே போகிறாள், திரும்பி வரச் சொல்வதற்கு?

அவர் வெட்கிப்போனார். தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே அடுக்களை வாசலில் போய் நின்றார். அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

“வா” என்றார்.

“எங்க?”

“முன்னறைக்கு.”

“எதுக்குங்க இப்ப? அவ திரும்பக் கூப்பிடுவா.”

“வாயேன். செட்டையும் எடுத்துட்டு வா.”

நாற்காலியைத் துடைத்தார். தலைக்கு மேல் தொங்கிய விளக்கை இறக்கினார். கையைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவர் வாயில் வருகிற வார்த்தைகள்தான் வந்தன.

“நல்லா சாஞ்சு உட்காருங்க. எங்க உறுத்துது, சொல்லுங்க.”

“என்ன, மரியாதையெல்லாம் பலமா இருக்கு?” என்றாள். கண் நிறைந்துவிட்டது. விரலை வாய்க்குள் விட்டு இடது பக்கம் காட்டினாள். “இங்க.”

பார்த்தார். ஈறில் சிவந்து, பயறு அளவுக்குப் புண்.

“எத்தனை நாளா?”

“மழை விட்டதிலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேனே. பழகலன்னு சொன்னேன். பழகிடும்னீங்க.”

“உறுத்துதுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

அவள் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “கல்யாணப் போட்டோவைப் பார்த்து, சந்தெல்லாம் வச்சுக் கட்டிக் கொடுத்தீங்க. அதுல போய் எப்படிங்க குத்தம் சொல்றது?”

செட்டுக்காரர் செட்டை வாங்கி, இடது பக்கத்து மேட்டை மோட்டாரில் ராவினார். ஈறு படுகிற இடத்துக்கு மெத்தை மாதிரி ஒரு பசை உண்டு. பொடியும் திரவமும் குழைத்து உள்ளே தடவி, வாயில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஈறின் வடிவத்துக்கே இறுகிக்கொள்ளும். குழைத்தார், தடவினார், வைத்தார்.

“கடிங்க.”

கடித்தாள்.

“இறுகறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. பேசக் கூடாது.”

தலையாட்டினாள். அவளால் பேச முடியாது என்பது ஒரு தைரியம் கொடுத்தது போல. அவர் பேசினார். “ஊர்ல இருக்கிற வாயெல்லாம் பார்த்தேன், உன் வாயைப் பார்க்கல. எம்மேல கோவத்துல நீ கழட்டி வச்சிருக்கேன்னு நினைச்சுட்டேன். நான் ஒரு மடையன்.”

வாயை இறுக மூடியபடி அவள் பலமாகத் தலையாட்டினாள். ஒரு தடவை போதும். அவள் நாலைந்து தடவை ஆட்டினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்காதே, அளவு போயிடும்” என்று அவர் பதறினார்.

பசை இறுகியது. விடச் சொல்லி, கடி படுகிற இடத்தைக் காட்டுகிற நீலக் காகிதம் வைத்துத் திரும்பக் கடிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் சமமாகப் புள்ளி விழுந்தது.

“புண்ணு ஆறவரைக்கும் கெட்டியா எதையும் கடிச்சுடாதே.”

“அப்ப அவ மிட்டாய்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, காலையில் மெழுகென்று காட்டினாரே அதே மாதிரி, அவள் கடித்துப்போட்ட தகட்டைக் காட்டினார். ஓரம் பளபளத்தது. தேன் வாசனை அறை முழுக்கப் பரவியது. விரல் சுட, ஒட்ட, பிய்த்து ஒரு தட்டில் வைத்து, மேசைவரைக்கும் அவரே எடுத்துக்கொண்டு போனார். அவள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நுனியில் இல்லை, நன்றாகவே உட்கார்ந்தாள்.

பெரியவனும் மருமகளும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். அவள் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். அறுந்து வந்தது. மெல்ல ஆரம்பித்தாள். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம். செட்டுக்காரர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் மென்றது. கண் கலங்கியதில் அப்புறம் சரியாகத் தெரியவில்லை.

போன் அடித்தது. பெரியவன் எடுத்து ஜக்கில் சாய்த்தான்.

“அம்மா, முதலாளிகிட்ட கேட்டேன், ரொம்ப நேரம் கிண்டிட்டேனாம், அதான்...” மகள் பாதியில் நிறுத்தினாள்.

அம்மா இரண்டு கன்னமும் உப்ப மென்றுகொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். கண்டக்டர் மாதிரியே ஒரு கையைத் தூக்கி ‘பொறு’ என்று காட்டினாள். வெளிநாட்டில் ஒரு பெண் இடைவேளை முடிந்ததையும் மறந்து காத்துக்கொண்டிருந்தாள். அம்மா விழுங்கினாள். தட்டைப் பார்த்தாள், இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள். பிறகுதான் போனைப் பார்த்தாள்.

“ரொம்ப மெத்துன்னு இருக்குடி” என்றாள். “அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கெட்டியா கிண்டு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முன்பல் சந்து தெரியத் தெரியச் சிரித்தாள். கை இரண்டும் தட்டிலேயே இருந்தன.